கீழே கொண்டு போங்கள்

மலையில் இருக்கிறவர்களுக்குச் சமவெளி முழுவதற்கும் ஒரே பெயர்தான்: கீழே. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கீழே போக வேண்டும். கல்யாணப் பட்டு எடுக்கக் கீழே போக வேண்டும். லென்ஸில் பூஞ்சை பிடித்தால் கீழே போக வேண்டும். 2022 நவம்பரில் ஒரு காலை என் கணினி உயிரை விட்டபோது, அதை விற்ற கடைக்காரரும் பெட்டியைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் அதையே சொன்னார். "இங்கே திறந்தால் வாரண்டி போய்விடும், அண்ணா. கீழே கொண்டு போங்கள்."

கோத்தகிரியில் எனக்கு ஒரு சிறிய ஸ்டூடியோ இருக்கிறது. கல்யாணம், காதுகுத்து, ஹெத்தை அம்மன் பண்டிகை, பள்ளி ஆண்டு விழா எல்லாவற்றுக்கும் படம் எடுக்கிறேன். ஆல்பம் வடிவமைப்பையும் நானே செய்கிறேன். கேமரா பழுதானால் குன்னூர் நண்பரிடம் இரவல் வாங்கிவிடலாம். கணினி நின்றால் தொழில் நின்றது. அந்த வாரம் மூன்று கல்யாண ஆல்பங்கள் பாதியில் கிடந்தன.

அந்தக் கணினியை 2020இல் ரெடிமேடாக வாங்கியிருந்தேன். பெயர் பெற்ற நிறுவனம், மூன்று வருட வாரண்டி, பழுது என்றால் ஆள் வீடு தேடி வருவார் என்ற உறுதிமொழி. கூடுதலாகக் கொடுத்த பணமெல்லாம் அந்தக் கடைசி வரிக்காகத்தான். அழைத்துக் கேட்டால், எங்கள் பின்கோடுக்கு ஆள் வரக் குறைந்தது பத்து வேலை நாட்கள் ஆகும் என்றார்கள். மறுநாள் விடியற்காலையில் பெட்டியைக் கம்பளியில் சுற்றி, முதல் பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு கிளம்பினேன். குஞ்சப்பனை தாண்டும்வரை ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் அதை இரண்டு கைகளாலும் அணைத்துப் பிடித்திருந்தேன். மேட்டுப்பாளையத்தில் இறங்கி, கோவை பஸ் மாறி, சேவை மையம் திறக்கிற நேரத்துக்கு வாசலில் நின்றேன்.

பக்கத் தகட்டைக் கழற்றிய இளைஞர் உள்ளே விரலால் தடவினார். விரல் ஈரமானது. படிவத்தில் 'ஈரம் பட்டுள்ளது' என்று எழுதினார். ஈரம் பட்டால் வாரண்டி கிடையாது.

மலையில் படம் எடுக்கிற எவருக்கும் அந்த ஈரம் எங்கிருந்து வந்தது என்று தெரியும். கோத்தகிரியின் நவம்பர் விடியலில் பெட்டிக்குள் இருக்கிற இரும்பும் அலுமினியமும் சில்லிட்டுப் போயிருக்கும். கம்பளியில் சுற்றினால் அந்தக் குளிர் அப்படியே உள்ளே தங்கும். கீழே காற்று வெதுவெதுப்பானது, ஈரப்பதம் நிறைந்தது. குளிர்ந்த உலோகத்தில் அந்தக் காற்று பட்டதும் நீராகப் படிகிறது. இதனால்தான் நாங்கள் கீழே ஒரு கல்யாணத்துக்குப் போனால் கேமராவை உடனே வெளியே எடுக்க மாட்டோம். அரை மணி நேரம் பையிலேயே மூடிவைத்து, ஊரின் சூட்டுக்கு அது பழகிய பிறகே திறப்போம். இதை அந்த இளைஞரிடம் பொறுமையாக விளக்கினேன். அவர் நல்லவிதமாகக் கேட்டுக்கொண்டார். ஆனால் படிவத்தில் அதற்கு இடம் இல்லை.

கெட்டுப்போனது எஸ்எம்பிஎஸ் மட்டும்தான். வீட்டு மின்சாரத்தை வாங்கி, கணினிக்கு வேண்டிய 12 வோல்ட், 5 வோல்ட் என்று பிரித்துக் கொடுக்கிற தகரப் பெட்டி அது. சரி, காசு கொடுத்து மாற்றிக்கொள்கிறேன் என்றேன். அப்போதுதான் உண்மையான அடி விழுந்தது. அந்த எஸ்எம்பிஎஸ் கடையில் விற்கிற அளவில் இல்லை. நீளமாகவும் ஒல்லியாகவும் அந்த நிறுவனத்தின் பெட்டிக்கென்றே செய்தது. எல்லாப் பாகங்களும் சேருகிற பலகையான மதர்போர்டில் அது சேருகிற இணைப்பும் வேறு மாதிரி. காந்திபுரத்தில் அடுத்தடுத்துக் கணினிக் கடைகள் இருக்கின்றன. அவற்றில் அடுக்கிவைத்திருக்கிற எந்த எஸ்எம்பிஎஸ்ஸும் இதற்குப் பொருந்தாது. ஆர்டர் கொடுத்து வரவழைக்க மூன்று வாரம் ஆனது. விலை, சாதாரண எஸ்எம்பிஎஸ்ஸைப் போல இரண்டு மடங்குக்கு மேல். அந்த மூன்று வாரமும் குன்னூரில் நண்பர் கடை அடைத்த பிறகு அவருடைய கணினியில் உட்கார்ந்து ஆல்பங்களை முடித்துக் கொடுத்தேன். ஒரு மணப்பெண்ணின் தகப்பனார் மறுவீட்டு விருந்துக்குள் ஆல்பம் வேண்டும் என்று கேட்டிருந்தார். கொடுக்க முடியவில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்றும் இருக்கிறது.

என் அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்தவர். சி.டி.சி. இயந்திரத்தில் பல் வெட்டிய இரண்டு உருளைகள் எதிரெதிராகச் சுழலும். ஒன்று மற்றதைவிடப் பத்து மடங்கு வேகம். நடுவில் சிக்குகிற இலை நசுங்கி, கிழிந்து, சுருண்டு விழும். பற்கள் மழுங்கிவிட்டால் தூளின் தரம் போய்விடும். அதனால் உருளைகளைக் கழற்றிப் பல் தீட்டுவது முடிவே இல்லாத வேலை. தீட்டிய ஜோடி ஒன்று எப்போதும் தயாராக இருக்க வேண்டும். தொழிற்சாலைக்குப் புதிய மோட்டாரோ விசிறியோ வந்தால் அப்பா கேட்கிற முதல் கேள்வி: "இதற்கு என்ன நம்பர் பேரிங்?" 6205 என்று சொன்னால் முகம் மலரும். 6205 என்றால் உள் துளை 25 மில்லிமீட்டர், வெளி விட்டம் 52, தடிமன் 15. யார் செய்தாலும், எந்த ஊர்க் கடையில் வாங்கினாலும் அதே அளவு. நம்பர் இல்லாத, செய்தவனுக்கு மட்டுமே தெரிந்த பேரிங் என்றால் அந்த இயந்திரத்தை அவருக்குப் பிடிக்காது. கொழுந்து வந்து குவிந்துகிடக்கிற நாளில் அது நின்றால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும்.

கணினிக்கும் 6205 உண்டு என்பதை அந்த நவம்பருக்குப் பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். 1981 ஆகஸ்டில் ஐபிஎம் தன் முதல் பிசியை வெளியிட்டபோது, அவசரமாகச் செய்ய வேண்டியிருந்ததால் பிராசஸரை இன்டெலிடமும் இயங்குதளத்தை மைக்ரோசாஃப்டிடமும் வாங்கிக்கொண்டது. மின்சுற்று வரைபடங்களைக் கையேடாக அச்சிட்டும் விற்றது. பயாஸ் என்கிற தொடக்க மென்பொருளுக்கு மட்டும் பதிப்புரிமை இருந்தது. காம்பேக் நிறுவனத்தார் அதைப் பார்த்து எழுதாமல், அது செய்கிற வேலையை மட்டும் வைத்துத் தாங்களே ஒன்றைப் புதிதாக எழுதிக்கொண்டார்கள். அதன் பிறகு யாரும் பிசி செய்யலாம் என்றாகிவிட்டது. 1995இல் இன்டெல் ஏடிஎக்ஸ் என்ற அளவுமுறையைக் கொண்டுவந்தது: மதர்போர்டின் திருகுத் துளைகள் எங்கே, இணைப்புகள் எந்தப் பக்கம் என்பதெல்லாம் அதில் வரையறுக்கப்பட்டன. அந்த வழியில் வந்த எஸ்எம்பிஎஸ் 150 மில்லிமீட்டர் அகலம், 86 உயரம், நான்கு திருகுகள். இன்று காந்திபுரத்தில் வாங்குகிற எஸ்எம்பிஎஸ் பதினைந்து வருடத்துக்கு முந்தைய கேபினட்டிலும் நான்கு திருகில் உட்காரும். என் ரெடிமேடு பெட்டியைச் செய்தவர்கள் இந்தப் பொதுச் சொத்தில் பிறந்த பொருளை எடுத்து, அளவை மட்டும் மாற்றிக் கதவைச் சாத்திவிட்டார்கள். எல்லா ரெடிமேடும் இப்படி இல்லை. ஆனால் இப்படி இருக்கிறதா என்று வாங்குமுன் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை.

2023 ஆகஸ்டில், சேர்த்துவைத்த பணத்தில், நானே ஒன்றைக் கட்டினேன். எல்லாம் சேர்த்து 86,000 ரூபாய் ஆயிற்று. அதே வேகத்தில் ரெடிமேடாகக் கேட்டபோது 95,000 சொன்னார்கள். அந்த ஒன்பதாயிரத்தைப் பெரிய லாபமாக நான் சொல்ல மாட்டேன். கோவைக்கு இரண்டு முறை போய்வந்த செலவும், ஒரு மாதம் இரவுகளில் உட்கார்ந்து படித்த நேரமும் அதில் கணக்காகவில்லை. அசெம்பிள் செய்தால் பாதி விலை என்பது தொண்ணூறுகளில் உண்மையாக இருந்திருக்கலாம். இப்போது காசுக்காக மட்டும் கட்டுகிறவர் ஏமாந்து போவார். 2025 கடைசியில் ராம் என்கிற நினைவகத்தின் விலை ஏறிய ஏற்றத்தைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. உதிரியாக வாங்குகிறவரைத்தான் அது முதலில் அடித்தது.

கட்டிய அன்று மாலை அக்கா மகளும் உடன் இருந்தாள். அப்போது பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். சாப்பாட்டு மேசையில் பருத்தி வேட்டி ஒன்றை மடித்து விரித்தோம். மதர்போர்டில் பிராசஸர் உட்காரும் இடத்தின் மூடியைத் திறந்ததும் இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். ஒரு தீப்பெட்டி அளவு இடத்தில் 1,718 பொன்னிற ஊசிகள், முடியைவிடச் சற்றே தடிமன், எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து, காற்றில் படிந்த புல்லைப் போல. ஒன்று வளைந்தாலும் போர்டு கெட்டுப்போகலாம். பிராசஸரின் மூலையில் ஒரு சிறிய முக்கோணம் பொறித்திருக்கும். அதை ஊசிப் பக்கத்தின் முக்கோணத்தோடு சேர்த்து, அழுத்தாமல், தானாக உட்காரும்படி வைக்க வேண்டும். பிறகு பக்கத்துக் கம்பியை அழுத்திப் பூட்ட வேண்டும். கம்பி நாம் நினைப்பதைவிட அதிகமாக எதிர்க்கிறது. உலோகம் நெரிகிற மாதிரி ஒரு சத்தமும் வருகிறது. "மாமா, உடைத்துவிடாதீர்கள்" என்றாள். எனக்கும் கை நடுங்கியது. அந்த எதிர்ப்பு இருக்க வேண்டியதுதான் என்று படித்திருந்ததால் முழுவதும் அழுத்தினேன்.

பிராசஸரைக் குளிர்விக்கிற கூலரின் அடியில், சூட்டைக் கடத்துகிற பசை முன்பே பூசி வந்திருந்தது. நான்கு திருகுகளை ஒன்றன்பின் ஒன்றாக முறுக்காமல், எதிர் மூலை எதிர் மூலையாக, ஒவ்வொன்றையும் இரண்டு சுற்று என்று முறுக்கினோம். லாரிச் சக்கரத்தின் நட்டை அப்பா அப்படித்தான் முறுக்குவார். ராம் இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் செருகக் கூடாது. நான்கு இடங்கள் இருந்தால் இரண்டாவதிலும் நான்காவதிலும் செருக வேண்டும். மிகக் கடினமான வேலை என்று நான் பயந்தது பிராசஸரை. உண்மையில் பொறுமையைச் சோதித்தது கேபினட்டின் முன்பக்கப் பொத்தான்களில் இருந்து வருகிற கடுகளவு இணைப்புகள். என் விரல்கள் அதற்குத் தடிமன். அவள் கண்ணிமை மயிர் பிடுங்குகிற இடுக்கியைக் கொண்டுவந்து ஐந்து நிமிடத்தில் முடித்தாள்.

பொத்தானை அழுத்தினோம். விசிறிகள் சுற்றின. திரையில் ஒன்றும் இல்லை. மதர்போர்டின் ஓரத்தில் ராமுக்கான மஞ்சள் விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது. ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். அணைத்துவிட்டு எல்லாவற்றையும் கழற்றலாம் என்று என் கை பொத்தானுக்குப் போனது. அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். இந்த வகைப் போர்டு டிடிஆர்5 ராமோடு முதல் முறை சேரும்போது, எந்த மின்னழுத்தத்தில் எந்த நேர அளவில் பேசிக்கொள்வது என்று சோதித்துப் பார்த்துக்கொள்ளும்; சில நிமிடங்கள் ஆகும்; நடுவில் அணைக்கக் கூடாது என்று கையேட்டின் பின்பக்கத்தில் படித்திருக்கிறாள். நான்காவது நிமிடத்தின் இறுதியில் திரை வெளிச்சமானது. அக்கா அடுப்படியில் இருந்து எட்டிப் பார்த்து, "வந்துவிட்டதா?" என்று கேட்டாள். பதில் சொல்ல எனக்குக் குரல் வரவில்லை.

கட்டி முடித்தவுடன் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்கிறவர்களுக்கு என் அடுத்த மாத அனுபவத்தைச் சொல்ல வேண்டும். மின்சாரம் போனால் யூபிஎஸ் கத்தும், கணினி அணைந்துவிடும். யூபிஎஸ் புதியது, பேட்டரி முழுதாக இருந்தது. யூபிஎஸ் விற்றவர் எஸ்எம்பிஎஸ் கோளாறு என்றார். எஸ்எம்பிஎஸ் விற்றவர் யூபிஎஸ் கோளாறு என்றார். இருவர் சொன்னதும் பாதி உண்மை. விலை குறைந்த யூபிஎஸ், பேட்டரியில் ஓடும்போது மின் அலையை வளைவாகக் கொடுக்காமல் படிக்கட்டு மாதிரி வெட்டி வெட்டிக் கொடுக்கிறது. இப்போதைய நல்ல எஸ்எம்பிஎஸ்களில், மின்சாரத்தைச் சீராக இழுப்பதற்காக இருக்கிற ஆக்டிவ் பிஎஃப்சி என்கிற சுற்றுகளில் சில, அந்தப் படிக்கட்டு அலையை ஏற்காமல் பாதுகாப்புக்காக நின்றுவிடுகின்றன. முழு சைன் அலை தருகிற யூபிஎஸ் வாங்கிய பிறகுதான் தொல்லை தீர்ந்தது. ரெடிமேடில் ஒருவர் பொறுப்பு. இங்கே எட்டுப் பொருளுக்கு எட்டுப் பேர் பொறுப்பு, எது கெட்டது என்று கண்டுபிடிக்கிற ஒன்பதாவது ஆள் நான். இந்த வேலையில் மனம் ஈடுபடாதவர் கட்டவே கூடாது என்று உறுதியாகச் சொல்வேன்.

எனக்கு மனம் ஈடுபட்டது. 2024 ஜூலைக் காற்றில் தேயிலைத் தோட்டத்துச் சில்வர் ஓக் மரம் ஒன்று முறிந்து எங்கள் தெருவின் மின்கம்பியில் விழுந்தது. இரண்டு நாள் இருட்டு. மின்சாரம் வந்த நொடியில் பளிச்சென்று வந்து, போய், மறுபடி வந்தது. யூபிஎஸ் பேட்டரியைச் சேமிப்பதற்காகக் கணினியை அதில் இருந்து எடுத்துச் சுவர் பிளக்கில் செருகியிருந்தேன். பொத்தானை அழுத்தினால் சத்தமே இல்லை. சரியாக 2022 நவம்பரின் அதே மௌனம்.

இந்த முறை பெட்டியைக் கம்பளியில் சுற்றவில்லை. எஸ்எம்பிஎஸ்ஸின் 24 துளை இணைப்பை மதர்போர்டில் இருந்து கழற்றினேன். அதில் 16ஆவது துளையையும் 17ஆவது துளையையும் ஒரு சிறு கம்பியால் இணைத்தால், மதர்போர்டு இல்லாமலே எஸ்எம்பிஎஸ் எழுந்திருக்க வேண்டும். மல்டிமீட்டரில் 12 வோல்ட் வர வேண்டிய இடத்தில் பூஜ்யம். நோயாளி யார் என்று தெரிந்துவிட்டது. (எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் யாரும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் உள்ளே ஆளைத் தூக்கி எறிகிற மின்சாரம் தேங்கி நிற்கும்.) காந்திபுரத்துக் கடைக்குப் போன் செய்தேன். மதியம் அங்கே பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள். மாலை ஆறு மணிக்குக் கோத்தகிரி பஸ் நிலையத்தில் பார்சலை வாங்கினேன். நான்கு திருகு. ஏழரைக்கு ஆல்பம் திறந்திருந்தது. பழைய எஸ்எம்பிஎஸ்ஸுக்கு ஐந்து வருட வாரண்டி இருந்ததால், கூரியரில் அனுப்பி மாற்று ஒன்றும் பெற்றேன். அதுவே இப்போது அலமாரியில் தயாராக இருக்கிற ஜோடி உருளை.

மலைக்கென்று சில பழக்கங்கள் இருக்கின்றன. எங்கள் உயரத்தில் காற்று கடலோரத்தைவிட மெலிந்தது, விசிறி தள்ளுகிற காற்றின் கனம் குறைவு. ஆனால் அறையே குளுமையாக இருப்பதால் சூடு ஒரு பிரச்சினையாக வந்ததில்லை. பகை ஈரம்தான். பெட்டியை வெளிச்சுவரை ஒட்டி வைக்கக் கூடாது, ஒரு சாண் தள்ளி வையுங்கள். பிளாஸ்டிக் உறை போட்டு மூடினால் ஈரம் உள்ளே அடைபடும்; பருத்தித் துணி போதும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வேலை இல்லாவிட்டாலும் தினம் சிறிது நேரம் ஓட விடுகிறேன். உள்ளே உருவாகிற வெதுவெதுப்பே அதற்கு மருந்து.

ரெடிமேடு வேண்டாம் என்று யாரிடமும் நான் சொல்வதில்லை. அக்கா ஒரு பள்ளி அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். கட்டண ரசீது, வருகைப் பதிவு, கடிதங்கள், அவ்வளவுதான். அங்கே மூன்று பழைய கணினிகள் இருந்தன. 2025 அக்டோபரில் விண்டோஸ் 10க்கு ஆதரவு முடிந்தபோது, அவை விண்டோஸ் 11 கேட்கிற டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி இல்லாத காலத்தவை என்பதால் மாற்றியாக வேண்டியிருந்தது. என்னைக் கட்டித்தரச் சொன்னார்கள். மறுத்துவிட்டேன். நான் இல்லாத நாளில் அது நின்றால் அவர்களுக்கு யார் கதி? ரெடிமேடாக வாங்கச் சொல்லி, கடைக்காரரிடம் நான்கு கேள்விகளை மட்டும் எழுதிக் கொடுத்து அனுப்பினேன். எஸ்எம்பிஎஸ் பொது அளவா? ராம் செருகியதா, போர்டோடு பற்றவைத்ததா? நானே ராம் சேர்த்தால் வாரண்டி இருக்குமா? கோத்தகிரி பின்கோடுக்கு எத்தனை நாளில் ஆள் வருவார், அதை எழுத்தில் கொடுப்பீர்களா? நான்காவது கேள்விக்குப் பில்லின் பின்புறத்தில் கையெழுத்தோடு பதில் வாங்கி வந்தாள் அக்கா. அவள் மகளும் கல்லூரிக்கு மடிக்கணினிதான் எடுத்துப் போயிருக்கிறாள். விடுதிக்கும் வகுப்புக்கும் சுமக்கிற பொருளை மேசையில் கட்ட முடியாது.

ஆனால் விடுமுறைக்கு வந்தால் முதலில் என் ஸ்டூடியோவுக்கு வருகிறாள். மேசை இழுப்பறையில் நாற்பது பக்க நோட்டு ஒன்று வைத்திருக்கிறோம். ஒவ்வொரு பாகத்தின் வரிசை எண், வாங்கிய தேதி, வாரண்டி முடிகிற தேதி, பில் எந்த உறையில் என்பதெல்லாம் அவள் கையெழுத்தில் இருக்கின்றன. சென்ற பொங்கலுக்கு வந்தபோது பக்கத் தகட்டைக் கழற்றி, தூரிகையால் விசிறி இறக்கைகளைத் துடைத்து, பின்பக்கத்தில் துருப்பிடிக்கத் தொடங்கியிருந்த இரண்டு திருகுகளை மாற்றினாள். கழற்றிய திருகுகளைக் காகிதத்தில் மடித்து, தேதி எழுதி, நோட்டில் செருகி வைத்துவிட்டுப் போனாள்.